வசந்த வரவேற்புச் சடங்கு: 24 பேர், ஒரு மணி நேரம். எதை வைப்பது, எதை வெட்டுவது?

மொட்டு:

வணக்கம். மார்ச் மாதச் சம இரவு நாளில் (பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் நாள்), அதாவது ஓஸ்தாரா விழாவுக்கு, வசந்தத்தை வரவேற்கும் பேகன் சடங்கு (பழைய ஐரோப்பிய இயற்கை வழிபாட்டைத் தழுவியது) ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கிறேன். 24 பேர் வருகிறார்கள். அதில் 7 பேர் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு விக்கா, துரூயிடு போன்ற பேகன் மரபு எதுவும் பழக்கமில்லை, ஆர்வத்தால் வருகிறவர்கள். இடம் திறந்த புல்வெளி, ஒரு பக்கம் மரங்கள். இரும்புத் தொட்டியில் சின்னதாகத் தீ மூட்டிக்கொள்ள நில உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். நேரம் மாலை, சூரியன் மறைவதற்குச் சற்று முன்.

இப்போதைக்குக் கையில் இருக்கும் வரிசை: வட்டம் கட்டுதல் (சடங்கு இடத்தை வட்டமாகக் குறித்துப் புனிதமாக்குவது), நான்கு திசைக்கும் ஒரு பக்கக் கவிதை, தேவி அழைப்பு, 15 நிமிடத் தியானம், விதை ஊன்றுதல், முட்டைக்குச் சாயம், வைக்கோல் பொம்மை எரித்தல், நாடா கட்டிய மேபோல் கம்பத்தைச் சுற்றி ஆட்டம், ரொட்டி பகிர்தல், வட்டம் கலைத்தல். தாளில் பார்த்தால் நன்றாக இருக்கிறது. மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் கொண்டாட்டமாக இல்லை, நிகழ்ச்சி நிரல் மாதிரி இருக்கிறது. எதை எடுத்துவிடலாம்? எங்கெங்கே சொதப்பும்? முட்டையும் முயலும் உண்மையிலேயே பழைய வழக்கம்தானா என்றும் யாராவது சொன்னால் நல்லது. வந்தவர்களிடம் தவறாகச் சொல்ல விருப்பமில்லை.

தழல்வட்டம்:

வரிசையைப் படித்ததும் ஒன்று உறுத்தியது. முதல் 35 நிமிடம் ஓரிருவர் பேசுகிறார்கள், மற்றவர்கள் நிற்கிறார்கள். மார்ச் மாதப் புல்வெளியில் சும்மா நின்றால் கால் விரலிலிருந்து குளிர் ஏறும். குளிர் ஏறிவிட்டால் எந்தத் தெய்வத்தை அழைத்தாலும் முகம் மலராது. மகிழ்ச்சியான சடங்குக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எந்த நிமிடத்தை எடுத்துப் பார்த்தாலும் வட்டத்தில் பாதிப் பேருக்காவது கையிலோ காலிலோ வாயிலோ வேலை இருக்க வேண்டும்.

அடுத்தது, நடுச்செயல் ஒன்றே ஒன்று. உங்களிடம் ஐந்து இருக்கிறது: தியானம், விதை, முட்டை, பொம்மை, மேபோல். ஒவ்வொன்றும் தனியாக ஒரு சடங்கைத் தாங்கும். ஐந்தையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். விதையை மட்டும் நடுவில் வையுங்கள். அதற்கு முன்னால் குளிர்காலம் உருகட்டும், அந்தத் தண்ணீரே விதைக்குப் போகட்டும். பனிக்கட்டி, தண்ணீர், விதை என்று ஒரே கோடாக ஓடும்போது யாரும் விளக்கவுரை ஆற்ற வேண்டியதில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடும்.

பனிக்கட்டியைச் செய்வது இப்படி. 20 செ.மீ. அகலமுள்ள தட்டையான உலோகப் பாத்திரத்தில் 150 மி.லி. தண்ணீர் ஊற்றி உறையவிடுங்கள். இறுகியதும் அதன்மேல் பூக்களைப் பரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நன்றாகக் குளிர்ந்த இன்னொரு 150 மி.லி. தண்ணீரை ஊற்றி மறுபடி உறையவையுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் பூ மிதந்து மேலே வந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு கருகிப்போகும். இரண்டாவது தண்ணீர் சூடாக இருந்தால் கீழ் அடுக்கு வெடிக்கும். கிடைப்பது சுமார் 1 செ.மீ. தடிமனில் ஒரு தட்டு. வெளிச்சத்தில் பிடித்தால் பூ உள்ளே தெரியும். பூவுக்கு வயலட் அல்லது பிரிம்ரோஸ். டாஃபடில் வேண்டாம்: செடி முழுவதும் நஞ்சு, பிள்ளைகள் கையை விடப்போகும் தண்ணீரில் அது இருக்கக்கூடாது.

ஏன் 300 மி.லி. மட்டும்? பெரிய கட்டி கண்ணுக்கு அழகுதான், ஆனால் உருகாது. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 24 பேர் கை வைத்தாலும் கைதான் விறைக்கும். 300 கிராமுக்கு 100 கிலோ ஜூல் போதும். ஆளுக்கு 80 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் மொத்தம் 1.9 லிட்டர் ஆகிறது. 40 டிகிரித் தண்ணீர் என்றால் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் இருக்கிறது, நிச்சயம் உருகும். தண்ணீரை 45 டிகிரியில் இரண்டு பிளாஸ்க்குகளில் கொண்டுவாருங்கள், கரண்டியால் மொண்டு ஊற்றுவதற்குள் கொஞ்சம் ஆறும். அதற்கு மேல் சூடு வேண்டாம், பிள்ளைகள் ஊற்றப்போகிறார்கள். பனித்தட்டை வைக்கும் பாத்திரம் 4 லிட்டர் கொள்ள வேண்டும், கண்ணாடியாக இருக்கக்கூடாது.

இரண்டு பிளாஸ்க்குகளும் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பட்டும். ஒன்று மட்டும் சுற்றினால் ஆளுக்கு 8 நொடி வைத்தாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் இழுக்கும். ஊற்றாதவர்கள் பாடிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டு ஒருமுறை கேட்டதும் வாயில் வருவதாக இருக்கட்டும். தாளைக் கையில் கொடுத்துவிட்டால் கண் தாளுக்குப் போய்விடும், கையும் மாட்டிக்கொள்ளும். இது போதும்:

பனியே பனியே போய் வா
வெயிலே வெயிலே வா வா
மண்ணே மண்ணே கண் திற
விதையே விதையே எழுந்து வா

‘போ’ என்று சொல்லாமல் ‘போய் வா’ என்று வைத்திருப்பது வேண்டுமென்றேதான். ஆண்டுச் சக்கரத்தில் குளிர்காலமும் ஒரு விருந்தாளி, திரும்ப வரப்போகிறது. வழியனுப்புவது வேறு, விரட்டுவது வேறு.

விதைக்குப் பட்டாணி. முள்ளங்கி, பாப்பி போன்ற பொடி விதைகள் விறைத்த விரலில் நிற்காது. சடங்குக்கு மூன்று நாள் முன்பு 10 மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு மேல் தண்ணீரில் கிடந்தால் காற்றில்லாமல் அழுக ஆரம்பிக்கும். பிறகு ஈரத்துணியில் சுற்றி, நாளுக்கு இரண்டு முறை அலசுங்கள். வீட்டுச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் தோல் கீறி வெள்ளை வேர்முனை எட்டிப்பார்க்கும். அந்த நிலையில் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒன்று வையுங்கள். உப்பிப்போன பச்சைமணி, அதன் ஓரத்தில் அரிசி முனை அளவு ஒரு வெள்ளைக் கூர். இதைப் பார்த்த பிறகு 15 நிமிடத் தியானம் எதற்கு? ‘கையை மூடுங்கள், மூன்று மூச்சு’ என்று சொன்னால் போதும். வேர் 1 செ.மீ. தாண்டினால் விரல் பட்டு ஒடியும். முந்திக்கொண்டு முளைத்துவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நிறுத்திவையுங்கள். 24 பேருக்கு 40 விதை போடுங்கள், சில முளைக்காது, சில கீழே விழும்.

விதை ஊன்றும் சின்னத் தொட்டிகளில் மண்ணை முன்கூட்டியே நிரப்பி, பிழிந்த பஞ்சு போல ஈரமாக்கி, நடுவில் 3 செ.மீ. குழி போட்டு வையுங்கள். அங்கே வந்து மண் அள்ளினால் பத்து நிமிடம் போய்விடும். வேர்முனை கீழ்நோக்கி இருக்கட்டும். உருகிய தண்ணீரில் தொட்டிக்கு 40 மி.லி. ஊற்றி, மிச்சத்தை மரத்தடியில் விட்டுவிடுங்கள்.

வட்டத்துக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு மீட்டர் என்றால் 24 மீட்டர் சுற்றளவு, விட்டம் 7.6 மீட்டர். நடுவில் ஒரு குச்சி, 3.8 மீட்டர் கயிறு, மாவைத் தூவிக்கொண்டே ஒரு சுற்று. உப்பால் போடாதீர்கள், புல் கருகும். நில உரிமையாளர் அடுத்த முறை இடம் தரமாட்டார். சம இரவு நாளில் சூரியன் நேர் மேற்கில் மறையும், அதனால் திசை பார்க்கக் கருவி தேவையில்லை. திசை அழைப்பைக் கவிதையிலிருந்து பிடுங்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள், திசைக்கு ஒரு வரி, ஒரு பொருள். கிழக்கில் மணியடித்து ‘காற்றே வா’, தெற்கில் ஜாடிக்குள் விளக்கோடு ‘நெருப்பே வா’, மேற்கில் இலைக்கொத்தால் தண்ணீர் தெளித்து ‘நீரே வா’, வடக்கில் மண்ணை உயர்த்தி ‘நிலமே வா’. தண்ணீர் தெளிக்கும் பிள்ளை கூட்டத்தைச் சிரிக்கவைத்துவிடும். (நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பவர்கள் இதைப் படித்தால்: உங்கள் வசந்தச் சம இரவு செப்டம்பர் 22 அல்லது 23. அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால் பலர் நெருப்பை வடக்கிலும் நிலத்தைத் தெற்கிலும் வைக்கிறார்கள். வட்டமும் இடஞ்சுழியாகப் போகும்.)

திசை அழைப்புக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே இரண்டு நிமிடம் சத்தம். பாத்திர மூடி, கரண்டி, மணி, கைதட்டல், எது இருந்தாலும் சரி. ஸ்லோவேனியாவின் ப்டூய் நகரத்துக் குரெண்ட்டுகள் என்ற வேடக்காரர்கள் ஆட்டுத்தோலும் இடுப்பு நிறைய மணிகளும் கட்டிக்கொண்டு வருவது இதற்காகத்தான்: சத்தத்தில் குளிர்காலம் கிளம்பும் என்ற நம்பிக்கை. உச்சத்தில் இருக்கும்போது நடத்துபவர் கையை உயர்த்தியதும் சட்டென்று நிற்க வேண்டும். பிறகு 30 நொடி மௌனம். காது இரைச்சலிலிருந்து விடுபட்டு, பறவைச் சத்தம் அப்போதுதான் கேட்கும். மௌனத்தைத் தனியாக வைத்தால் பிள்ளைகள் நெளிவார்கள், சத்தத்துக்குப் பின்னால் வைத்தால் அவர்களே உதட்டில் விரல் வைப்பார்கள்.

வண்ணஓடு:

தழல்வட்டம் சொன்னதோடு உடன்படுகிறேன். முட்டைச் சாயத்தைச் சடங்குக்குள் வைக்காதீர்கள், முந்தின நாளே முடித்துவிடுங்கள். அது நேரம் கேட்கும் வேலை, அவசரப்படுத்தினால் கையில் மட்டும்தான் நிறம் ஏறும்.

வெங்காயத் தோல்தான் ஏமாற்றாத சாயம். 10, 12 பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரை கிடைக்கும். நீலத்துக்கு அரை சிவப்பு முட்டைக்கோஸை நறுக்கி அதே அளவு தண்ணீரில் காய்ச்சுங்கள். சாறு ஊதாவாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள், ஓட்டில் உட்காரும்போது நீலமாகும். ஆனால் நேரமெடுக்கும்: குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க ஊற வேண்டும். பழுப்பு ஓட்டு முட்டையை இதில் போட்டால் பச்சை கலந்த நிறம் வரும். மஞ்சளுக்கு லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி மஞ்சள்தூள்.

வினிகர் எதற்கு என்றால், ஓடு கால்சியம் கார்பனேட். அமிலம் அதன் மேற்பரப்பை லேசாக அரித்துவிட்டால் நிறம் பிடிக்கும். அதிகம் ஊற்றினால் குமிழ் குமிழாக வந்து, மேல்பூச்சு உரிந்து, தொட்டால் நிறம் கையோடு வரும். திட்டுத்திட்டாக ஏறினால் காரணம் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான். வேகவைத்த முட்டையை வினிகர் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, அதன்பின் கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.

இலை அச்சு வைத்தால் பிள்ளைகள் மயங்கிப்போவார்கள். சிறிய இலை ஒன்றை நனைத்து ஓட்டில் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டில் முட்டையைப் போட்டு, துணி விறைப்பாக நிற்கும்படி பின்னால் இழுத்து நூலால் கட்டி, சாயத்தில் இறக்குங்கள். இலையின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் சாயம் உள்ளே புகுந்து வெறும் கறையாகிவிடும். சரியாக அமைந்தால் நரம்பு வரை பதியும். காய்ந்தபின் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் தடவினால் பளபளக்கும்.

சடங்கின்போது முட்டைக்கு ஒரே வேலை, மோதல். கிரேக்கத்தில் ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டையை முட்டிப் பார்ப்பார்களே, அதேதான். இருவர் எதிரெதிரே நின்று கூர்முனையால் கூர்முனையை முட்ட வேண்டும். உடையாத முட்டைக்காரர் அடுத்தவரைத் தேடிப் போவார். 24 பேர் என்றால் ஐந்து சுற்றில் ஒருவர் மிஞ்சுவார், மொத்தம் நாலைந்து நிமிடம். முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. இதை ரொட்டி பகிர்வதற்குச் சற்று முன் வையுங்கள், உடைந்ததை அப்படியே உரித்துச் சாப்பிடலாம்.

கவனம்: வேகவைத்த முட்டையை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து சாப்பிடக்கூடாது. புல்லில் ஒளித்துவைத்துத் தேடும் ஆட்டமும் உண்டென்றால் அதற்கு மரமுட்டை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஒளித்தீர்கள் என்று எண்ணி எழுதிவையுங்கள். புத்தம்புது முட்டை உரிக்கும்போது சதையோடு வரும், ஒரு வாரம் ஆனதாக வாங்குங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர் யார் என்று முன்பே கேட்டுவிடுங்கள், அவர்களுக்கும் ஒரு மரமுட்டை. மோதினால் அவர்தான் ஜெயிப்பார், பரவாயில்லை.

சுருள்நடை:

மேபோலை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. அது மே 1, பெல்டேன் என்ற கோடைத் தொடக்க விழாவுக்குரியது என்பது ஒரு காரணம். பழகாத கூட்டத்தோடு அது பின்னாது என்பது பெரிய காரணம். தரைக்கு மேல் 3 மீட்டர் கம்பம் என்றால் ஒரு மீட்டராவது மண்ணுக்குள் போக வேண்டும், 12 நாடாவும் சேர்ந்து ஒரு பக்கம் இழுத்தால் சாய்ந்துவிடும். நாடா 4.5 மீட்டர், ஆட்கள் இரட்டைப்படை, ஒருவர் விட்டு ஒருவர் எதிர்த்திசை, முதலில் வருபவருக்கு மேலே, அடுத்தவருக்குக் கீழே. ஒருவர் இரண்டு முறை ‘மேலே’ போய்விட்டால் அந்த இடத்திலிருந்து பின்னல் முழுவதும் கோணல். யாராவது நின்றுவிட்டால் நாடா தொய்ந்து தலையில் விழும். கட்டாயம் கம்பம் வேண்டும் என்றால் பின்னலை மறந்து எல்லோரும் ஒரே திசையில் சுற்றுங்கள். நாடா கம்பத்தில் சுருளாக ஏறும், அதுவும் அழகு.

உங்கள் கூட்டத்துக்குச் சுருள் ஆட்டம் பொருந்தும். கருவி எதுவும் வேண்டாம், 12 மீட்டர் வெற்றிடம் போதும். எல்லோரும் கைகோத்து வட்டமாக நிற்கிறீர்கள். நடத்துபவர் இடதுகைப் பக்கம் இருப்பவரின் கையை மட்டும் விட்டுவிட்டு, வலஞ்சுழியாக, வட்டத்தின் உள்பக்கமாக நடக்க ஆரம்பிக்கிறார். வரிசை நத்தை ஓடு போல உள்ளே சுருள்கிறது. நடுவை நெருங்கியதும் அவர் திரும்பி, தன் பின்னால் வரும் வரிசையை முகத்துக்கு முகம் பார்த்தபடி வெளியே வருகிறார். அப்போதுதான் நடக்கும் அந்த அற்புதம்: 24 பேரும் ஒவ்வொருவர் முகத்தையும் கை எட்டும் தூரத்தில் கடந்து போகிறார்கள். அறிமுகமில்லாதவர்கூட இரண்டாம் முகத்திலேயே சிரித்துவிடுவார். வேறு எந்தப் பகுதியை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். ஒன்று, நடத்துபவர் நடுப்புள்ளிவரை போய்விடுவது. திரும்பி வெளியேற வழி இருக்காது, எல்லோரும் கட்டியாக நின்றுவிடுவார்கள். உள்ளே போகும்போதே சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் இரண்டு ஆள் அகலம் விட்டுக்கொண்டு போக வேண்டும், நடுவில் 2 மீட்டர் மிச்சமிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். இரண்டு, வால் வீச்சு. முன்னால் இருப்பவர் வேகமாக நடந்தால், வளைவில் கடைசி ஆள் ஓடியே ஆக வேண்டும். ஈரப்புல்லில் குழந்தை வாலில் இருந்தால் கண்டிப்பாக விழும். தலையிலும் வாலிலும் நிதானமான பெரியவர்கள், பிள்ளைகள் இடையிடையே, ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபுறமும் பெரியவர். மூன்று, கை விடுபடுவது. விட்டுப்போனால் நின்று தேடாமல், பின்னால் இருப்பவர் இரண்டு எட்டு விரைந்து பிடித்துக்கொண்டால் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் சுற்று நடை, இரண்டாவது சுற்றில் வேண்டுமானால் வேகம். பாட்டு மேலே சொன்ன நாலு வரியே போதும். திரும்பி வெளியே வரும் கணத்தில் ‘பனியே’ வரியை விட்டுவிட்டு ‘வெயிலே’ வரியிலிருந்து மட்டும் பாடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரோ, நடக்கச் சிரமப்படுபவரோ இருந்தால் அவரை நடுவில் வைத்து, அவர் கையில் மணியைக் கொடுங்கள். சுருள் அவரைச் சுற்றித் திரும்பட்டும்.

பழஞ்சுவடி:

முட்டை, முயல் கேள்விக்கு. சுருக்கமாகச் சொன்னால், வசந்தக் கொண்டாட்டம் பழையது, ஆனால் இன்று நாம் அதற்குக் கொடுக்கும் வடிவம் பெரும்பாலும் புதியது.

பீட் என்ற ஆங்கிலேயத் துறவி 725ஆம் ஆண்டு எழுதிய காலக்கணக்கு நூலில், ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு இயோஸ்துர் மாதம் என்று பெயர் இருந்ததாகவும், அது இயோஸ்த்ரே என்ற தேவியின் பெயரால் வந்தது என்றும் சொல்கிறார். அவளைப் பற்றி நம் கையில் உள்ள பழைய எழுத்துச் சான்று அவ்வளவுதான். அதில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. ஜெர்மனியில் அவளுக்கு ஓஸ்தாரா என்று இணைப்பெயர் இருந்திருக்க வேண்டும் என்று ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம் 1835இல் ஊகித்தார். 1958இல் ஜெர்மனியின் மோர்க்கன்-ஹார்ஃப் பக்கம் ‘ஔஸ்த்ரியஹேனே’ எனும் தாய்த்தெய்வங்களுக்கு நேர்ந்துவைத்த ரோமானியக் காலக் கல்வெட்டுகள் 150க்கு மேல் கிடைத்தன. பெயர் ஒற்றுமையால் பீட் சொன்னதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். முயல் முட்டை கொண்டுவரும் வழக்கம் ஜெர்மனியில் 1682இல் எழுத்தில் பதிவாகிறது. தேவி ஒரு பறவையை முயலாக்கினாள் என்ற கதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எழுத்தில் தென்படுகிறது. இந்தச் சம இரவு விழாவுக்கு ஓஸ்தாரா என்ற பெயரைச் சூட்டிப் பரப்பியவர் அமெரிக்க விக்கா மரபினரான ஐடன் கெல்லி, 1970களில்.

இதனால் சடங்கின் மதிப்பு குறையாது. ‘ஐயாயிரம் ஆண்டுப் பழமை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘பழைய பெயர், புதிய வடிவம்’ என்று ஒரே வரியில் சொல்லுங்கள், யாருக்கும் குறையாகப் படாது. பகலும் இரவும் அன்று துல்லியமாகச் சமம் என்றும் சொல்லாதீர்கள். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல்விளிம்பை வைத்தே உதயமும் மறைவும் கணிப்பதாலும் அன்று பகல் சில நிமிடம் நீளம்தான். வசந்தத்துக்கு நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் காத்திருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒன்று சொல்கிறேன். பல்கேரியாவில் மார்ச் 1 அன்று மார்தெனிட்சா என்ற சிவப்பு-வெள்ளைக் கயிறு கட்டிக்கொள்வார்கள், ருமேனியாவில் அதற்கு மர்ட்சிஷோர் என்று பெயர். நாரையையோ தகைவிலான் குருவியையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கையில் இருக்கும், பிறகு மரக்கிளையில் கட்டுவார்கள். திரிக்க இருவரும் நடுவைப் பிடிக்க ஒருவரும் வேண்டும், அதுதான் இதில் அழகு. 70 செ.மீ. சிவப்பு, 70 செ.மீ. வெள்ளைப் பருத்தி நூலைச் சேர்த்து ஆளுக்கொரு முனை பிடித்து, எதிரெதிராக முறுக்க வேண்டும். நூல் தானாகச் சுருண்டு முண்டு விழ ஆரம்பித்தால் போதிய முறுக்கு ஏறிவிட்டது. நடுவை மூன்றாவது ஆள் பிடிக்க, முனைகளை ஒன்றுசேர்த்து நடுவை விட்டால் நூல் தன்மேல் தானே சரசரவென்று பின்னிக்கொள்ளும். சுமார் 30 செ.மீ. கயிறு கிடைக்கும். முறுக்கு ஏறும்முன் மடித்தால் தொளதொளவென்று பிரிந்துபோகும், ஏற்றிக்கொண்டே இழுவிசையைத் தளர்த்தினால் சிக்கல் விழும். மரத்தில் கட்டும்போது விரல் நுழையும் இடைவெளி விடச் சொல்லுங்கள், இறுக்கிக் கட்டினால் கிளை பருக்கும்போது வெட்டிவிடும்.

மொட்டு:

மிக்க நன்றி. மேபோல், தியானம், கவிதை மூன்றையும் எடுத்துவிட்டேன். வைக்கோல் பொம்மையை மட்டும் விட மனம் வரவில்லை, பிள்ளைகள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். அது பனிக்கட்டியோடு மோதுமா? ரொட்டி பகிரும்போது என்ன பார்க்க வேண்டும்? மழை வந்தால்?

தழல்வட்டம்:

மோதும். இரண்டும் குளிர்காலத்தின் முடிவு; ஒன்றை இரண்டு முறை முடித்தால் வலு போய்விடும். பொம்மையைச் சத்தப் பகுதிக்குள் சேர்த்துவிடுங்கள்: மூடிகள் அதிர அதிர அது எரியட்டும், சாம்பலானதும் மௌனம். போலந்தில் மர்ஸான்னா என்ற வைக்கோல் பொம்மையைக் கொளுத்தி ஆற்றில் விடுவார்கள். தண்ணீரில் விடுவதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொம்மை 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். வைக்கோல், காகிதம், பருத்தி நூல் மட்டும். பாலியெஸ்டர் துணி உருகிச் சொட்டும், கம்பி வைத்தால் சாம்பலில் கிடந்து காலைக் கிழிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் எரிந்துவிடும். தீயைவிடப் பறக்கும் வைக்கோல் பொறிதான் ஆபத்து. தீத் தொட்டி வட்டத்துக்கு வெளியே, காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் இருக்கட்டும், மரங்களிலிருந்து தள்ளி. அருகில் 10 லிட்டர் வாளி இரண்டு, நனைத்த கம்பளி ஒன்று, தீயை மட்டுமே பார்க்கும் ஒருவர். அவர் ஆடவும் கூடாது, பாடவும் கூடாது. பிள்ளைகள் 2 மீட்டர் தள்ளி நிற்கத் தரையில் ஒரு கயிறு போடுங்கள். கிளைகள் விடாமல் ஆடும் காற்று என்றால் தீ வேண்டாம். பொம்மையைப் பிரித்து ஆளுக்கொரு பிடி வைக்கோலாகக் கொடுத்து விதைத் தொட்டியின் மேல் மூடாக்காகப் போடச் சொல்லுங்கள். உண்மையில் எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

ரொட்டியை இரண்டாகப் பிய்த்து இரு திசையிலும் அனுப்புங்கள். எடுப்பவர் தனக்கு எடுக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டும், முதல் துண்டு நிலத்துக்கு. ஒரு வயது நிரம்பாத குழந்தை யாராவது தூக்கி வந்திருந்தால் தேன் படாமல் பாருங்கள், அதற்கு நஞ்சாகலாம். பொதுக் கிண்ணம் வேண்டாம், சின்னக் கோப்பைகள் போதும். மதுவைத் தவிர்த்தால் யாரையும் தனியாகப் பிரிக்க வேண்டியிருக்காது.

மழை தூறல் என்றால் நடத்துங்கள், திசை அழைப்பில் நீரைச் சத்தமாகக் கூப்பிட்ட பலன் என்று பிள்ளைகள் துள்ளுவார்கள். கனமழை என்றால் கூரைக்குக் கீழே போங்கள்: தீ இல்லை, சுருளுக்குப் பதில் அதே பாட்டில் வட்டநடை, மற்றதெல்லாம் அப்படியே. பனித்தட்டு மட்டும் இரண்டு செய்துவையுங்கள், ஒன்று வழியில் உடையும்.

கலைக்கும்போது திசைகளுக்குத் தலைகீழ் வரிசையில் நன்றி: நிலம், நீர், நெருப்பு, காற்று. கடைசியாக மணி. மணி அடங்குவதற்குள் ஆளுக்கொரு தொட்டி கையில் இருக்க வேண்டும். வாசலில் ஒருவரை நிறுத்தி, ‘வெயில் படும் ஜன்னலில் வையுங்கள், நான்கு விரல் உயரம் வந்ததும் தோட்டத்தில் நடுங்கள்’ என்று சொல்லி அனுப்புங்கள்.